கேடட் விமானி: காத்திருக்கும் செலவு யார் கணக்கில்?

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கிளம்பவில்லை. விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டிய புதிய விதிகளின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 அன்று அமலுக்கு வந்திருந்தது. வார ஓய்வு முதல் கட்டத்திலேயே, ஜூலையில், 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகியிருந்தது. இப்போது இரவில் தரையிறக்கும் எண்ணிக்கையும் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அதற்கேற்ற விமானிகள் கையில் இல்லை. ஆள் சேர்ப்பை நிறுத்தி வைத்ததன் பலன் இது என்று விமானிகள் சங்கங்கள் குற்றம் சாட்டின. திட்டமிடலில் குறை இருந்ததை நிறுவனமும் ஒப்புக்கொண்டது.

அதே வாரத்தில், வணிக விமானி உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்கான அழைப்பு வருமா என்று காத்திருந்த இளைஞர்களும் இதே நாட்டில்தான் இருந்தார்கள். ‘விமானிகள் பற்றாக்குறை’ என்ற தலைப்புச் செய்தியை அவர்களும் படித்திருப்பார்கள். சொந்தக்காரர்கள் அந்தச் செய்தியை அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இன்னுமா உனக்கு வேலை கிடைக்கல?” என்று கேட்டும் இருப்பார்கள்.

இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? அந்த நெருக்கடியின்போது வெளியான இண்டிகோவின் கணக்கிலேயே பதில் இருந்தது. ஏர்பஸ் விமானங்களுக்குத் தேவைப்பட்ட கேப்டன்கள் 2,422 பேர், இருந்தவர்கள் 2,357. துணை விமானிகள், அதாவது ஃபர்ஸ்ட் ஆபீசர்கள், தேவை 2,153, இருந்தவர்கள் 2,194. கேப்டன்களில் 65 பேர் குறைவு, துணை விமானிகளில் 41 பேர் கூடுதல். இடது பக்க நாற்காலிக்குத்தான் ஆள் இல்லை. புதிதாக உரிமம் வாங்கியவர் உட்கார வேண்டிய வலது பக்க நாற்காலியில் இடமில்லை.

கேப்டனை அவசரத்துக்கு உருவாக்க முடியாது. அதற்கான உயர் உரிமமான ஏ.டி.பி.எல். பெறக் குறைந்தது 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். விமான நிறுவனங்கள் தங்கள் சொந்த வரம்பை அதைவிட மேலே வைத்துக்கொள்கின்றன. ஒரு விமானி ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நடைமுறையில் அந்த வரம்பைத் தொடுகிறவர்களும் குறைவு. ஆக, இன்று வலது நாற்காலியில் உட்காருகிறவர் இடது நாற்காலிக்கு நகரக் குறைந்தது நான்கைந்து ஆண்டுகள். இதைப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள். 2025 இறுதியில் கேப்டன் தகுதிக்கு வந்திருக்க வேண்டியவர்கள் 2020-21 வாக்கில் வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். கோவிட் காரணமாக எல்லா நிறுவனங்களும் கதவைச் சாத்திய ஆண்டுகள் அவை. 2020 ஜூலையில் இண்டிகோ தன் ஊழியர்களில் 10 சதவீதம் பேரை வேலையை விட்டு அனுப்புவதாக அறிவித்தது. அப்போது பயிற்சியை முடித்துவிட்டு வரிசையில் நின்றவர்களை யாரும் உள்ளே விடவில்லை. வருமானமே இல்லாத காலத்தில் அந்த முடிவைக் குறை சொல்வது கடினம். ஆனால் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது: அந்த முடிவின் செலவை அன்றே ஏற்றவர்கள் கேடட்கள், அதாவது விமான நிறுவனங்களின் பெயரில் நடக்கும் பயிற்சித் திட்டங்களில் சேர்ந்த இளைஞர்கள். நிறுவனத்துக்கு அதன் பில் ஐந்து ஆண்டு கழித்துத்தான் வந்தது.

பயிற்சி முடித்தும் வேலைக்கு அழைக்கப்படாதவர்களுக்குக் கேடட் திட்டங்கள் மீது கோபம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இந்த நேர இடைவெளியைப் பிடித்துக்கொள்வது நல்லது. தேர்வில் தோற்றவர்களின் ஆதங்கம் ஒரு வகை. அது எந்த வேலையிலும் உண்டு. இங்கே கோபப்படுகிறவர்களில் பெரும்பாலோர் தேர்வானவர்கள்.

முதலில், கேடட் திட்டம் என்பது என்ன? இந்தியாவில் வணிக விமானி உரிமம், எல்லோரும் சொல்கிறபடி சி.பி.எல்., வாங்க இரண்டு வழிகள். ஒன்று, நீங்களே ஒரு பிளையிங் ஸ்கூலில் சேர்ந்து 200 மணி நேரம் பறந்து, விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகளை எழுதி, உரிமம் வாங்கி, பிறகு வேலை தேடுவது. மற்றொன்று, விமான நிறுவனத்தின் பெயரில் நடக்கும் கேடட் திட்டத்தில் சேர்வது. பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் படித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். கணினியில் கைகண் ஒத்திசைவைச் சோதிக்கும் தேர்வு, மனப்பாங்குத் தேர்வு, குழு விவாதம், நேர்காணல், முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. எல்லாம் தேறினால் நிறுவனம் கைகாட்டும் பயிற்சிப் பள்ளிக்குப் போக வேண்டும். அது மகாராஷ்டிராவின் கோந்தியாவில் இருக்கலாம், வெளிநாட்டிலும் இருக்கலாம். உரிமம் வாங்கிய பின் ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட ரக விமானத்துக்கான சிமுலேட்டர் பயிற்சி. இதுதான் டைப் ரேட்டிங். அதையும் முடித்தால் நிறுவனத்தில் பயிற்சித் துணை விமானியாகச் சேரலாம்.

சேரலாம் என்றுதான் எழுத முடியும். ‘சேர்வீர்கள்’ என்று எந்தக் கடிதத்திலும் இருக்காது.

விளம்பரத்தில் நிறுவனத்தின் சின்னம் இருக்கும், சீருடையில் சிரிக்கும் இளைஞர்கள் இருப்பார்கள். பணம் கட்டுவது பயிற்சிப் பள்ளிக்கு. ஒப்பந்தமும் பெரும்பாலும் பள்ளியோடுதான். விமான நிறுவனம் கொடுப்பது நிபந்தனைகளோடு கூடிய ஒரு கடிதம்: பயிற்சியை உரிய தரத்தில் முடித்து, மருத்துவத் தகுதியும் இருந்து, அந்த நேரத்தில் நிறுவனத்துக்குத் தேவையும் இருந்தால் வேலை தரப்படும் என்பது அதன் சாரம். முதல் இரண்டு நிபந்தனைகள் நியாயமானவை. மூன்றாவதில்தான் முழுத் திட்டமும் தொங்குகிறது. ‘அந்த நேரத்தில்’ என்பது இரண்டு ஆண்டு தள்ளி வரும் நேரம், ‘தேவை’ என்பதை நிர்ணயிப்பது நிறுவனம்.

செலவைப் பார்ப்போம். சொந்தமாக இந்தியப் பள்ளியில் சி.பி.எல். முடிக்க 50 லட்சம் ரூபாயை ஒட்டி ஆகும். டைப் ரேட்டிங்குக்கு இன்னொரு 15 முதல் 20 லட்சம். கேடட் திட்டமாக எடுத்தால் மொத்தம் ஒரு கோடியைத் தொடுகிறது, சிலவற்றில் தாண்டுகிறது. அதே சிறிய விமானம், அதே 200 மணி நேரம், அதே டி.ஜி.சி.ஏ. தாள்கள். மேலதிகமாகக் கொடுக்கும் பணம் எதற்கு? வேலைக்கு. அல்லது வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு. வங்கிகள் ஏழரை லட்சத்துக்கு மேல் போகும் கல்விக் கடனுக்குப் பொதுவாக அடமானம் கேட்கும் என்பதால், நடுத்தரக் குடும்பத்தில் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகாமல் இந்தப் படிப்பு நடப்பதில்லை. ஒரு கோடிக்கு 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 90 ஆயிரத்துக்கு மேல் வட்டி மட்டுமே வருகிறது. பையன் அல்லது பெண் வேலையில் சேராத ஒவ்வொரு மாதமும் இது ஓடும்.

சரி, பயிற்சி முடிந்தது. இப்போது ஹோல்டிங் பூல் என்ற இடம் வருகிறது. பூல் என்றால் கட்டடம் எதுவும் இல்லை. நிறுவனத்தின் மனிதவளத் துறைக் கணினியில் இருக்கும் ஒரு பட்டியல், அவ்வளவுதான். நிறுவனத்துக்குத் தேவைப்படும்போது அதிலிருந்து பத்து, இருபது பேரை ஒரு பேட்ச்சாக அழைப்பார்கள். தேவை இல்லாவிட்டால் பட்டியல் அப்படியே இருக்கும்.

தேவை ஏன் மாறுகிறது? கேடட்டுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களால். 2019 மார்ச்சில் போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்கு இந்தியாவில் பறக்கத் தடை விதிக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் வரை அவை பறக்கவில்லை. ஸ்பைஸ்ஜெட்டின் விரிவாக்கத் திட்டம் அப்படியே நின்றது. 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் தன் கடைசி விமானத்தை இயக்கியது. ஆயிரக்கணக்கான மணி நேரம் அனுபவமுள்ள விமானிகள் ஒரே நாளில் வேலைச் சந்தைக்கு வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் 200 மணி நேரக்காரரை யார் சீந்துவார்கள்? 2023 ஜூலையில் பிராட் அண்ட் விட்னி நிறுவனம், தன் என்ஜின் பாகங்களைச் செய்யப் பயன்பட்ட உலோகப் பொடியில் மாசு கலந்திருந்ததாக அறிவித்தது. சோதனைக்காக என்ஜின்கள் கழற்றப்பட்டன. 2024 தொடக்கத்தில் இண்டிகோவின் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஓடுபாதைக்குப் போகாமல் நின்றன. நிற்கும் விமானத்துக்குத் துணை விமானி வேண்டாம். அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையில் உலோகப் பொடியில் நேர்ந்த பிழை, சேலத்திலோ நாசிக்கிலோ ஒரு வீட்டின் மாதத் தவணையில் போய் நிற்கிறது. அதே பிராட் அண்ட் விட்னி என்ஜின்களைக் காரணம் காட்டித்தான் கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு போட்டு மூடியது. ஏ320 ஓட்டத் தெரிந்த இன்னொரு கூட்டம் சந்தைக்கு வந்தது.

இதோடு பாட்டில் கழுத்துபோல் குறுகலான ஓர் இடமும் இருக்கிறது. வெளியே யாரும் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சிமுலேட்டரில் தேறிய புதிய துணை விமானி நேராக வேலைக்குப் போய்விட முடியாது. பயணிகள் இருக்கும் உண்மையான விமானத்தில், பயிற்சி கொடுக்கத் தகுதி பெற்ற கேப்டன் பக்கத்தில் இருக்க, டஜன் கணக்கில் பயணங்கள் போய் வர வேண்டும். இதுதான் லைன் டிரெய்னிங். அந்தப் பயிற்சிக் கேப்டன்கள் எந்த நிறுவனத்திலும் எண்ணிக்கையில் குறைவு. அவர்களேதான் துணை விமானிகளைக் கேப்டன்களாக்கும் பயிற்சியும் தர வேண்டும், வழக்கமான பயணங்களையும் ஓட்ட வேண்டும். கேப்டன் பற்றாக்குறை வரும்போது முதலில் அடிவாங்குவது புதியவர்களின் பயிற்சி. ஆக, விமானிகள் பற்றாக்குறை கடுமையாக இருக்கும் காலத்தில்தான் புதியவர் உள்ளே வருவதும் கடினமாகிறது. டிசம்பர் 2025இல் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க முடியாமல் போன விஷயம் இதுதான்.

காத்திருப்பு என்றால் சும்மா இருப்பது என்று தோன்றும். விமானித் தொழிலில் அப்படி இருக்க முடியாது. 2023இல் விதிகளைத் திருத்தி உரிமத்தின் ஆயுளை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக்கினார்கள். அது காகிதத்தின் ஆயுள். முதல் வகுப்பு மருத்துவச் சான்று இளைஞர்களுக்கு ஓராண்டுக்குத்தான். கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கும் தகுதிக்கு ஆண்டுதோறும் சோதனை வேண்டும். அதற்குப் பிளையிங் ஸ்கூலுக்குத் திரும்பிப் போய், இரட்டை என்ஜின் விமானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்க வேண்டும். டைப் ரேட்டிங் முடித்தவர்களுக்குச் சிமுலேட்டர் சோதனைகள் தனி. இவையெல்லாம் கைக்காசு. கைப்பழக்கம் விட்டுப்போவது வேறு. எட்டு மாதம் விமானத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, திடீரென்று ஒரு திங்கட்கிழமை அழைப்பு வந்து, அடுத்த வாரம் சிமுலேட்டர் சோதனை என்றால் அதற்கும் தயாராக இருக்க வேண்டும். தேறாவிட்டால் கடிதத்தின் இரண்டாவது பத்தியில் அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கும்.

காத்திருக்கும்போது வேறு வேலைக்குப் போகலாமே என்று கேட்பார்கள். போகலாம், போகிறார்கள். ஆனால் எப்போது அழைப்பு வரும் என்று தெரியாதவரை எந்த வேலைக்கும் ஒரு வருடம் இருப்பேன் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் நிலைமை வேறு. 2009இல் பஃபலோ அருகே நடந்த விபத்துக்குப் பிறகு, 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் தேவை. எனவே உரிமம் வாங்கிய இளைஞர்கள் பயிற்றுநர்களாக வேலை செய்து மணி நேரம் சேர்க்கிறார்கள். சம்பளம் குறைவு, ஆனால் சம்பளம். கை பழக்கத்தில் இருக்கிறது. போகும் நேரம் கணக்கில் ஏறுகிறது. இந்தியாவில் பயிற்றுநர் வேலைகள் அந்த அளவுக்கு இல்லை.

இன்னொரு இழப்பு வெளியாட்களுக்கு எளிதில் புலப்படாதது: சீனியாரிட்டி. விமானியின் தொழில் வாழ்க்கையில் எல்லாமே சேர்ந்த தேதியைப் பொறுத்தது. எந்த ஊரில் பணி, எந்த மாதம் விடுப்பு, எப்போது கேப்டன் பயிற்சிக்கு அழைப்பு, எல்லாம் அந்த எண்ணின்படி. ஆட்குறைப்பு வந்தாலும் கடைசியில் சேர்ந்தவர் மேல்தான் முதலில் கண் விழும். நாலு மாதம் தாமதமாகச் சேர்ந்தவர் பல ஆண்டுகளுக்கு அந்த நாலு மாதத்தின் பின்னால் நிற்பார். இப்போது பூலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரே மாதத்தில் திட்டத்தில் சேர்ந்த இருவரில் ஒருவரை வெளிநாட்டுப் பள்ளிக்கும் மற்றவரை உள்நாட்டுப் பள்ளிக்கும் அனுப்புகிறார்கள். நல்ல வானிலை, போதிய விமானங்கள் உள்ள பள்ளியில் ஒருவர் ஓராண்டில் முடிக்கிறார். மற்றவர் மழைக்காலத்தையும் பனிமூட்டத்தையும் பழுதான விமானங்களையும் தாண்டி முடிக்க அதைவிட அதிகம் ஆகிறது. வெளிநாட்டில் முடித்தவருக்கும் இங்கே உரிமத்தை மாற்றிக்கொள்ள டி.ஜி.சி.ஏ.வில் கோப்பு நகர வேண்டும். யார் முதலில் பூலுக்கு வருகிறார் என்பது திறமையைப் பொறுத்ததாக இல்லை. அதற்கிடையில் நிறுவனம் திடீரென்று, ஏற்கெனவே டைப் ரேட்டிங் முடித்த வெளியாட்களுக்கு நேரடி ஆள் சேர்ப்பு அறிவித்தால், பூலில் இருப்பவருக்கு அடிவயிறு கலங்குவதில் வியப்பில்லை. வெளியாட்களின் தரப்பிலும் இதே கோபம் எதிர்த்திசையில் உண்டு: சொந்தமாகப் படித்து உரிமம் வாங்கியவர்களுக்கு, நல்ல இடங்களையெல்லாம் கேடட்கள் பணம் கொடுத்துப் பிடித்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. உரிமம் வாங்குகிறவர்களின் மொத்த எண்ணிக்கையும் சிறிதல்ல. 2022இல் டி.ஜி.சி.ஏ. வழங்கிய சி.பி.எல். 1,165; 2023இல் 1,622.

இத்தனைக்கும் நடுவில் நிறுவனம் என்ன சொல்கிறது? பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. என் பார்வையில் கேடட்களை மிகவும் நோகடிப்பது இந்த மௌனம்தான். ‘உங்கள் விவரங்கள் பரிசீலனையில் உள்ளன’ என்று ஒரு தானியங்கி பதில் வரும். பள்ளியைக் கேட்டால் நிறுவனத்தைக் கேளுங்கள் என்பார்கள். நிறுவனத்தைக் கேட்டால் பள்ளி மூலம் வாருங்கள் என்பார்கள். இதில் அலட்சியம் இருக்கலாம், ஆனால் கணக்கும் இருக்கிறது. ‘ஓராண்டுக்கு அழைக்க மாட்டோம்’ என்று வெளிப்படையாகச் சொன்னால், பூலில் இருப்பவர்களில் நல்லவர்கள் போட்டி நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள். அடுத்த பேட்ச்சுக்கு விண்ணப்பிப்பவர்கள் யோசிப்பார்கள். பயிற்சிப் பள்ளியின் வருமானமும் அடிபடும். எதுவும் சொல்லாமல் இருந்தால் மூன்றும் நடக்காது. 100 பேரை ஓராண்டு நிறுத்தி வைக்க நிறுவனத்துக்குச் செலவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. மேலே பார்த்த வட்டிக் கணக்குப்படி அந்த 100 குடும்பங்களுக்கு வட்டி மட்டும் 11 கோடி. பங்குச் சந்தையில், பிறகு தேவைப்பட்டால் வாங்கிக்கொள்ளும் உரிமைக்கு முன்கூட்டியே ஒரு தொகை கட்ட வேண்டும். இங்கே அந்த உரிமை இலவசம். அதற்கான தொகையை விற்கிறவரே, அதாவது கேடட்டே, கட்டுகிறார்.

எதிர்த்திசையில் கடப்பாடுகள் தெளிவாக இருக்கின்றன. வேலையில் சேர்ந்த துணை விமானி விலக விரும்பினால் ஆறு மாத முன்னறிவிப்பு தர வேண்டும்; கேப்டனுக்கு ஓராண்டு. இது 2017இல் டி.ஜி.சி.ஏ. வகுத்த விதி. விமானிகள் திடீரென்று விலகினால் பயணிகள் பாதிக்கப்படுவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2023இல் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 43 விமானிகள் முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமல் போனபோது, நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. இந்த விதியை அமல்படுத்த டி.ஜி.சி.ஏ.வுக்கு உத்தரவிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் கேட்டது. அங்கே டி.ஜி.சி.ஏ. சொன்ன பதில்: விமானிக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான வேலை ஒப்பந்தத்தில் தலையிட எங்களுக்கு அதிகாரம் இல்லை.

அந்தப் பதில் அன்று விமானிகளுக்குச் சாதகமாக இருந்தது. கேடட்டுக்கு அதே பதில் பாதகம். அவர் இன்னும் ஊழியர்கூட இல்லை. தொழிலாளர் சட்டம் அவரைத் தொடாது. பாதுகாப்பும் உரிமமும் டி.ஜி.சி.ஏ.வின் வேலை, பயிற்சிப் பள்ளிக்கு எத்தனை விமானம், எத்தனை பயிற்றுநர் என்று அது பார்க்கும். ஒரு கோடி வாங்கிக்கொண்டு கொடுக்கும் கடிதத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதைப் பார்க்க ஆள் இல்லை. நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால், கடிதத்தின் ஒவ்வொரு வரியும் நிறுவனத்தின் வக்கீல் எழுதியது.

போராடலாம், பத்திரிகைக்குப் போகலாம். ஆனால் யாருக்கு எதிராக என்று யோசிக்க வேண்டும். 2024 அக்டோபரில் ஏ.ஐ.எக்ஸ். கனெக்ட் (முன்பு ஏர் ஏசியா இந்தியா) நிறுவனம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு சேர்ந்தது. நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவோடு சேர்ந்தது. உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் இண்டிகோவில் போகிறார்கள். மீதியில் பெரும்பகுதி ஏர் இந்தியா குழுமத்தில். இருபது வயதில் ஒரு நிறுவனத்தோடு சண்டை போட்டால் மீதி நாற்பதாண்டுத் தொழிலுக்கு மிச்சமிருப்பது ஒன்றரை வாசல். கேடட்கள் தங்கள் பெயரைச் சொல்லாமலே பேசுவதற்குக் காரணம் கோழைத்தனம் இல்லை.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. பிரிட்டனின் அரசு விமான நிறுவனங்களான பி.ஓ.ஏ.சி.யும் பி.இ.ஏ.வும் 1960இல் ஹாம்பிள் என்ற ஊரில் சொந்தக் கல்லூரியே நடத்தின. ஜெர்மனியின் லுஃப்தான்சாவுக்குப் பிரேமனில் 1950களிலிருந்து பள்ளி இருந்தது. தனக்கு வேண்டிய விமானியைத் தானே உருவாக்குவது நிறுவனத்தின் செலவு என்பது அன்றைய எண்ணம். ஹாங்காங்கின் கத்தே பசிபிக் இன்றும் கேடட்களின் பயிற்சிச் செலவை ஏற்று, பதிலுக்கு சில ஆண்டுகள் வேலை செய்ய ஒப்பந்தம் வாங்குகிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் பல ஆண்டுகள் இளைஞர்களையே பணம் கட்டவைத்த பிறகு, 2023இல் ‘ஸ்பீட்பேர்ட்’ என்ற திட்டத்தில் ஆளுக்கு ஒரு லட்சம் பவுண்ட் வரையிலான செலவைத் தானே ஏற்பதாக அறிவித்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே விமானி ஆகிறார்கள் என்ற விமர்சனம் அங்கே வலுவாக இருந்தது. நிறுவனம் செலவை ஏற்றால் கேடட்டுக்கு ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2020இல் லுஃப்தான்சா தன் பள்ளி மாணவர்களிடம், இன்னும் சில ஆண்டுகளுக்கு வேலை இருக்காது, படிப்பைத் தொடர வேண்டாம் என்று அறிவுறுத்தியது. மாணவர்கள் கொதித்தார்கள். ஆனாலும் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள் அல்லவா, அந்த அளவுக்கு அது மேல்.

நிறுவனத்தின் தரப்பும் வெறும் சாக்குப்போக்கு இல்லை. விமானத்தை ஆர்டர் செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களையும், ஜூனில் இண்டிகோ 500 விமானங்களையும் ஆர்டர் செய்தன. அவை எந்த மாதம் வந்து சேரும் என்று ஏர்பஸ்ஸும் போயிங்கும்கூட உறுதியாகச் சொல்வதில்லை. கேடட்டை உருவாக்க ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். விமானம் வரும் நாளில் விமானி தயாராக இல்லாவிட்டால், கோடிக்கணக்கான ரூபாய் குத்தகைக்கு எடுத்த விமானம் சும்மா நிற்கும். எனவே கொஞ்சம் கூடுதலாகவே எடுத்து வைக்கிறார்கள். கூடுதலாக எடுப்பது தவறில்லை. அந்தக் கூடுதலுக்கான செலவைத் தன் கணக்கில் எழுதாமல் கேடட்டின் கணக்கில் எழுதுவதுதான் பிரச்சினை. தன் செலவாக இருந்தால், தேவையைக் கணக்கிடும் மேலாளர் இன்னும் கவனமாகக் கணக்கிடுவார். நூறு பேருக்குக் காத்திருப்புக் காலத்தில் மாதம் ஒரு சிறு உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்றிருந்தாலே, எண்பது பேர் போதும் என்று யாராவது கூட்டத்தில் எழுந்து சொல்லியிருப்பார்கள்.

அடுத்த 15 முதல் 20 ஆண்டுகளில் நாட்டுக்கு 30,000 விமானிகள் தேவை என்று மத்திய அமைச்சர் ராம்மோகன் நாயுடு சொல்லிவருகிறார். அந்த எண்ணைப் பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் பார்க்கலாம். அது தப்பான எண் என்று நான் சொல்லவில்லை. இருபது ஆண்டுக்கான எண், நீங்கள் பயிற்சி முடிக்கும் அந்த ஒரு ஆண்டைப் பற்றி எதுவும் சொல்லாது. ஏர் இந்தியா மகாராஷ்டிராவின் அமராவதியில் சொந்தப் பயிற்சிப் பள்ளி அமைக்கிறது. விமான நிலைய ஆணையம் சேலம் உட்பட பல சிறிய நிலையங்களில் பிளையிங் ஸ்கூல்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. பள்ளிகளின் தரம் மட்டும் அதே வேகத்தில் ஏறவில்லை. 2025 அக்டோபரில் டி.ஜி.சி.ஏ. முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியபோது, மேல் இரண்டு தரங்களில் ஒரு பள்ளிகூட வரவில்லை.

இந்தத் திட்டங்களில் பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் அதிகம் பேர் கேட்பது, “வேலைக்கு உத்தரவாதம் உண்டா?” என்ற கேள்வியை. அதற்கு விற்பனைப் பிரிவில் இருப்பவர் அழகாகப் பதில் சொல்லுவார். கேட்க வேண்டியவை வேறு. கடந்த மூன்று பேட்ச்சுகளில் எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் விமானத்தில் உட்கார்ந்தார்கள், இடைவெளி எத்தனை மாதம்? பூலில் வரிசை எந்த அடிப்படையில், அந்த வரிசையில் என் எண்ணை நான் பார்க்க முடியுமா? காத்திருக்கும் காலத்தில் மருத்துவச் சான்றுக்கும் பறக்கும் சோதனைகளுக்கும் செலவு யாருடையது? எத்தனை மாதத்துக்குப் பிறகு நான் வேறு நிறுவனத்துக்குப் போகலாம், அப்போது டைப் ரேட்டிங் பணத்தில் எவ்வளவு திரும்பும்? பணம் தவணையாக வாங்கப்படுமா, அல்லது பயிற்சி தொடங்கும் முன்பே பெரும்பகுதி கட்டியாக வேண்டுமா? பதில்களை மின்னஞ்சலில் வாங்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

எழுத்தில் பதில் வராவிட்டால், அந்தப் பணத்தில் பாதிக்கு நல்ல பள்ளியாகப் பார்த்துத் தனியாக சி.பி.எல். முடிக்கும் வழி இருக்கவே இருக்கிறது. அப்போது டைப் ரேட்டிங்கை மட்டும் கடைசி வரை தள்ளிப்போடுவது நல்லது. ஏ320க்குப் பணம் கட்டி முடித்த மாதத்தில் ஆள் எடுப்பது போயிங் 737 ஓட்டும் நிறுவனமாக இருந்தால், அந்தப் பல லட்சம் கைக்கு உதவாது. எந்த நிறுவனம் அழைக்கிறது, எந்த விமானத்துக்கு என்று தெரிந்த பிறகு கட்டினால் போதும்.